சைக்கிள் பின் கேசெட் பொருந்தலையா? எங்க இடிக்குதுன்னு அறிகுறிய வெச்சே கண்டுபிடிக்கலாம்

கேசெட்னா பின் வீல்ல இருக்கிற பல்சக்கர அடுக்கு, அதுல ஒவ்வொரு பல்சக்கரமும் ஒரு ஸ்ப்ராக்கெட். அதை வாங்கப் போற முக்காவாசி பேர் பாக்கறது ஒரே ஒரு நம்பர்தான், எத்தனை ஸ்பீடுன்னு, அதாவது பின்னாடி எத்தனை ஸ்ப்ராக்கெட்னு. 9 ஸ்பீடு சைக்கிள், 9 ஸ்பீடு கேசெட், முடிஞ்சுது ஜோலி. அப்புறம் மாட்டிப் பாத்தா ஒண்ணு ஹப்புல ஏறவே ஏறாது, இல்ல ஏறிட்டு லொடலொடன்னு ஆடும், இல்ல எல்லாம் அம்சமா உக்காந்துடும் ஆனா பெரிய ஸ்ப்ராக்கெட்டுக்கு போனதும் கரகரன்னு அரைக்கும். ஸ்பீடு நம்பர் பாக்கறது தப்பில்ல, அது மட்டும் போதாது, அவ்வளவுதான்.

கேசெட் மூணு ஆளோட ஒத்துப்போகணும். வீல் நடுவுல இருக்கிற ஹப், கைப்பிடியில கியர் மாத்தற ஷிஃப்டர், பின்னாடி தொங்கிக்கிட்டு செயினை ஸ்ப்ராக்கெட் விட்டு ஸ்ப்ராக்கெட் தள்ளற டீரெய்லர். செயின் நாலாவது, அது கடைசியா வந்து சேரும். இதுல எது ஒத்துப்போகலையோ அதுக்குன்னு தனி அடையாளம் இருக்கு, அதை வெச்சு பின்னாடி போய் காரணத்த பிடிக்கறதுதான் இந்த முறை. கீழ இருக்கிறதுல உங்க பிரச்சினை எதுவோ அதுக்கு நேரா போயிடுங்க, ஆனா இன்னும் கேசெட் வாங்கலைன்னா மேல இருந்து வரிசையா படிச்சுடறது நல்லது.

பழசையே கழட்ட முடியல, டூல் உள்ள போகுது ஆனா திருப்பினா எதுவும் நகரல

முதல்ல உங்ககிட்ட இருக்கிறது கேசெட்தானான்னு பாருங்க. வெளிய இருந்து பாத்தா கேசெட்டும் ஃப்ரீவீலும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா ரெண்டும் வேற வேற ஜாதி. ஃப்ரீவீல்ங்கிறது உள்ளயே கிளிக் கிளிக் மெக்கானிசத்தோட வர்ற ஒரே கட்டி, ஹப்புல மரை போட்டு திருகி ஏத்துறது. கேசெட்ல அந்த கிளிக் மெக்கானிசம் ஹப்போட சேர்ந்தது, கேசெட் வெறும் பல்லு அடுக்குதான், பள்ளம் பாத்து சொருகி மேல ஒரு லாக்ரிங் போட்டு இறுக்குறது.

கண்டுபிடிக்க வீலை கழட்டுங்க, ஸ்ப்ராக்கெட் பக்கம் உங்க முகத்தை பாத்து இருக்கட்டும், ஒரு கையால வீலை ஆடாம பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால ஸ்ப்ராக்கெட்ட இடப்பக்கமா, அதாவது பெடலை பின்னாடி மிதிச்சா சுத்துற பக்கமா சுத்துங்க. இப்ப நடுவுல ஆக்சிலை சுத்தி டூல் சொருகற பள்ளம் பள்ளமான வளையம் இருக்கும் பாருங்க, அது ஸ்ப்ராக்கெட்டோட சேர்ந்து சுத்தினா கேசெட். ஸ்ப்ராக்கெட் மட்டும் சுத்தி அந்த வளையம் அசையாம நின்னா ஃப்ரீவீல். அரை நிமிஷ வேலை, இதை பண்ணாம ஆர்டர் போட்டுட்டு திருப்பி அனுப்பறவங்கதான் அதிகம்.

கேசெட்னா கழட்ட செயின் விப் (செயின் துண்டு மாட்டின கம்பி) வேணும், அது ஸ்ப்ராக்கெட்ட சுத்த விடாம பிடிச்சுக்கும், அப்பதான் லாக்ரிங் டூல் இடப்பக்கமா திரும்பும். செயின் விப் இல்லாம திருப்பினா ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்து சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், லாக்ரிங் மட்டும் கழலாது. ஃப்ரீவீல்னா செயின் விப் வேண்டாம், ஆனா நல்ல பலம் வேணும், ஏன்னா நீங்க மிதிக்க மிதிக்க அது தன்னைத்தானே இறுக்கிக்கும், வருஷக்கணக்கா ஓட்டின வண்டின்னா சின்ன ஸ்பேனர் எல்லாம் பத்தாது, டூலை பெஞ்ச் வைஸ்ல கவ்வ வெச்சு வீலையே ஸ்டீயரிங் திருப்பற மாதிரி இடப்பக்கமா திருப்பறதுதான் சுலபம். புதுசு போடும்போது மரையில கிரீஸ் தடவிட்டு போடுங்க, இல்லைன்னா அடுத்த தடவை இதே பாடுதான்.

ஃப்ரீவீல் ஹப்புல கேசெட் ஏறாது, கேசெட் ஹப்புல ஃப்ரீவீல் ஏறாது. அடாப்டர் தேடாதீங்க, ஃப்ரீவீல்ல இருந்து கேசெட்டுக்கு மாறணும்னா ஹப் மாறணும், அதாவது நடைமுறையில பின் வீலே மாறணும், அப்ப ஃபிரேமோட பின் இடைவெளி எவ்வளவுன்னும் அளந்துக்கணும் (பழைய ரோடு ஃபிரேம் 126 மிமீ, அதுக்கு அப்புறம் வந்தது 130, மவுண்டன் பைக் 135, த்ரூ ஆக்சில்னா 142 இல்ல 148). 8, 9 ஸ்பீடு ஃப்ரீவீலும் கிடைக்கத்தான் செய்யுது, ஆனா நான் சிபாரிசு பண்ண மாட்டேன். ஃப்ரீவீல் ஹப்புல வலப்பக்க பேரிங் ரொம்ப உள்ள தள்ளி இருக்கும், ஃப்ரீவீல் அகலமாக ஆக ஆக்சிலோட தாங்கல் இல்லாத நீளம் கூடும், கொஞ்சம் வெயிட்டான ஆளு பள்ளத்துல இறங்கினா ஆக்சில் வளையும். 1978-ல ஷிமானோ ஃப்ரீஹப்னு (கேசெட் போடற ஹப்) கொண்டு வந்தப்போ அந்த பேரிங்கை ஓரத்துக்கு தள்ளினதுதான் இதுக்கு சரியான தீர்வு. அதனால ஃப்ரீவீல் வண்டின்னா 7 ஸ்பீடோட நிறுத்திக்கறது புத்திசாலித்தனம்.

புது கேசெட் ஹப்புல ஏறவே மாட்டேங்குது

ஹப்புல கேசெட் சொருகற உருளைய பாடின்னு சொல்லுவாங்க, அதோட பள்ள வரிசை, அதாவது ஸ்ப்லைன், வேற வகையா இருக்கும். இப்ப புழக்கத்துல இருக்கிறது முக்கியமா நாலஞ்சு வகை. ஷிமானோவோட ஹெச்ஜி தான் உலகத்துல எங்க பாத்தாலும் இருக்கும், 7-ல இருந்து 11 ஸ்பீடு வரைக்கும் பெரும்பாலான வண்டி இதுதான். ஸ்ராம் கம்பெனியோட எக்ஸ்டி, அதோட ரோடு அண்ணன் எக்ஸ்டிஆர். ஷிமானோ 12 ஸ்பீடு மவுண்டன் பைக்குக்கு 2018-ல வந்த மைக்ரோ ஸ்ப்லைன். அப்புறம் கேம்பக்னோலோ, அது எப்பவும் தனி வழி.

கண்ணால பிரிக்கறது கஷ்டமில்ல. ஹெச்ஜி பாடியில 9 மேடு இருக்கும், அதுல ஒண்ணு மட்டும் அகலத்துல வித்தியாசமா இருக்கும். மைக்ரோ ஸ்ப்லைன்ல 23 மேடு, பொடிப்பொடியா நெருக்கமா. எக்ஸ்டி பாடியில முழு நீளத்துக்கு மேடு இருக்காது, வழவழன்னு இருந்து அடியில மட்டும் சின்ன பல்லு, மரையும் அங்கயே பக்கத்துல, கேசெட்டே தன்னோட குழாய திருகி உக்காரும், தனியா லாக்ரிங் கிடையாது.

வாங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க ஒரு சின்ன குறுக்கு வழி, கேசெட்டோட சின்ன ஸ்ப்ராக்கெட்ட பாருங்க. 10 பல்லுன்னா அது சாதாரண ஹெச்ஜி பாடியில உக்கார வழியில்ல, இடம் பத்தாது, 11 தான் அதுக்கு எல்லை. அதனால 10-51 (சின்னது 10 பல்லு, பெருசு 51) ஷிமானோ கேசெட்ட பாத்து ஆசைப்பட்டு வாங்கிட்டு ஹெச்ஜி ஹப்புல போட முடியலைன்னு முழிக்க வேண்டியதில்ல. 12 ஸ்பீடு வேணும், ஹப் ஹெச்ஜி தான் இருக்குன்னா ஸ்ராம் என்எக்ஸ் ஈகிள் 11-50 ஹெச்ஜி பாடியிலயே ஏறும். ஷிமானோவோட 12 ஸ்பீடு ரோடு கேசெட்டும் 11 ஸ்பீடு ரோடு ஹெச்ஜி பாடியில ஏறும், மைக்ரோ ஸ்ப்லைன் தேவையில்ல, இது நிறைய பேருக்கு தெரியறதில்ல.

வகை சரிதான், ஆனாலும் ஏறலைன்னா ரெண்டு விஷயம். ஒண்ணு, அந்த வித்தியாசமான ஒத்தை மேட்ட நீங்க பொருத்தல. ஸ்ப்ராக்கெட்ட பாடி மேல வெச்சு மெதுவா சுத்துங்க, ஒரே ஒரு இடத்துல மட்டும்தான் தானா கீழ விழும், மத்த இடத்துல எவ்வளவு அழுத்தினாலும் போகாது, சுத்தியல் எடுக்காதீங்க. ரெண்டாவது, பாடி அலுமினியம்னா பழைய ஸ்ப்ராக்கெட் அந்த மேட்டை கடிச்சு வெட்டு போட்டிருக்கும். விரலால தடவினா நகம் மாட்டற மாதிரி கீறல் தெரியும். சின்ன தட்டை அரத்தால அந்த துருத்தலை மட்டும் லேசா தேய்ச்சு எடுத்தா போதும், மேட்டோட அகலத்தை குறைச்சுடக் கூடாது. இந்த மாதிரி பாடிக்கு ஸ்ப்ராக்கெட் தனித்தனியா வர்ற மலிவு கேசெட்ட விட பெரிய ஸ்ப்ராக்கெட் மூணு நாலும் ஒரே தாங்கியில ரிவெட் அடிச்சு வர்ற கேசெட் வாங்கறது உத்தமம், அழுத்தம் பரவிடும், கடிக்காது.

ஏறிடுச்சு, ஆனா லாக்ரிங் மரை பிடிக்கல

பாடி குட்டை, கேசெட் அகலம். 11 ஸ்பீடு ரோடு கேசெட்ட 8/9/10 ஸ்பீடு பாடியில போட்டா இப்படித்தான் ஆகும், அந்த 11 ஸ்பீடு ரோடு பாடி 1.85 மிமீ நீளம் ஜாஸ்தி. பாக்கறதுக்கு ரெண்டு மிமீ கூட இல்ல, ஆனா கடைசி சின்ன ஸ்ப்ராக்கெட் உக்கார வேண்டிய இடமே அதுதான்.

இங்க ஒரு வேடிக்கை. மவுண்டன் பைக் 11 ஸ்பீடு கேசெட், 11-40, 11-42 மாதிரி, பழைய 10 ஸ்பீடு பாடியிலயே ஏறும். பெரிய ஸ்ப்ராக்கெட் அவ்வளவு பெருசா இருக்கறதால அது ஸ்போக்குக்கு மேல உள்பக்கமா குவிஞ்சு வந்துடும், மிச்சம் இருக்கிறது பாடியில அடங்கிடும். ஷிமானோ ரோடு பக்கம் 11 ஸ்பீடு 11-34 கேசெட்டும் அதே கதைதான். அதனால 10 ஸ்பீடு வீலை வெச்சுக்கிட்டு 11-க்கு போக நினைக்கிறவங்க வீல் மாத்தறதுக்கு முன்னாடி 11-34 பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

இன்னொரு சாத்தியம், பாடி அடியில பழைய ஸ்பேசர் (இடைவெளி நிரப்பற வளையம்) ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும், அழுக்குல தெரியாது. துணியால துடைச்சுட்டு பாருங்க.

லாக்ரிங் நல்லா இறுகிடுச்சு, ஆனா கேசெட் கையால ஆட்டினா ஆடுது

மேல சொன்னதுக்கு தலைகீழ். பாடி நீளம், கேசெட் ஒடுக்கம், லாக்ரிங் பாடியோட முனையில போய் முட்டி நின்னுடும், ஸ்ப்ராக்கெட்ட அழுத்தாது. நீங்க இறுகிடுச்சுன்னு நினைக்கிறது முட்டினதைத்தான். தீர்வு ஸ்பேசர், கேசெட்டுக்கு பின்னாடி, ஸ்போக் பக்கமா போடணும்.

8/9/10 ஸ்பீடு கேசெட்ட 11 ஸ்பீடு ரோடு பாடியில போடறீங்கன்னா 1.85 மிமீ. 7 ஸ்பீடு கேசெட்ட 8/9/10 பாடியில போடறீங்கன்னா 4.5 மிமீ. ஷிமானோ 10 ஸ்பீடு ரோடு கேசெட் பலதுக்கு கூடவே 1 மிமீ மெல்லிசு வளையம் ஒண்ணு பெட்டியிலயே வரும், அது பேக்கிங் சாமான்னு நினைச்சு தூக்கிப் போட்டுடறாங்க, அது வேணும், 11 ஸ்பீடு பாடின்னா அந்த 1.85-ம் இந்த 1-ம் ரெண்டும் சேர்த்து வேணும். மேல சொன்ன ஷிமானோ 11-34-ஐ 11 ஸ்பீடு ரோடு பாடியில போட்டாலும் 1.85 போட்டாகணும். எக்ஸ்டி கேசெட்ட எக்ஸ்டிஆர் பாடியில போடவும் அதே 1.85 தான்.

லேசா ஆடுதுன்னு விட்டு ஓட்டினா என்ன ஆகும்னு கேக்கறவங்களுக்கு, ஸ்ப்ராக்கெட் ஒவ்வொரு மிதிக்கும் அலுமினிய மேட்டுல போய் இடிக்கும், கொஞ்ச நாள்ல பாடியே போயிடும்.

ஒரு முனையில கியர் பளிச்சுன்னு விழுது, இன்னொரு முனைக்கு போகப் போக கெடுது

ஷிஃப்டரோட ஸ்பீடும் கேசெட்டோட ஸ்பீடும் வேற. இதுதான் எல்லாரையும் அதிகமா குழப்பறது, ஏன்னா பாதி கியர் நல்லாவே வேலை செய்யும், அதனால அட்ஜஸ்ட்மெண்ட்தான் சரியில்லைன்னு மணிக்கணக்கா பேரல் அட்ஜஸ்டர (கேபிள் இறுக்கத்தை மாத்தற திருகு) முறுக்கிக்கிட்டு இருப்பாங்க.

கிளிக் வர்றது ஷிஃப்டர்ல இருந்து. ஒரு கிளிக்குக்கு இவ்வளவு கேபிள்னு அதுதான் இழுக்கும், டீரெய்லர் இழுத்த இழுப்புக்கு நகரும், அவ்வளவுதான், பின்னாடி எத்தனை ஸ்ப்ராக்கெட் இருக்குன்னு டீரெய்லருக்கு தெரியவே தெரியாது. கேசெட்ல பக்கத்து பக்கத்து ஸ்ப்ராக்கெட்டுக்கு நடுவுல இருக்கிற தூரம் 8 ஸ்பீடுல 4.8 மிமீ, 9-ல சுமார் 4.35, 10-ல 3.95. இப்ப 8 ஸ்பீடு ஷிஃப்டர் வெச்சுக்கிட்டு 9 ஸ்பீடு கேசெட் போட்டீங்கன்னா ஒவ்வொரு கிளிக்குக்கும் கிட்டத்தட்ட 0.45 மிமீ தாண்டிப் போகும். முதல் கியர்ல ஒண்ணும் தெரியாது, ரெண்டாவதுல லேசா உரசும், நாலாவது கிளிக்ல 1.8 மிமீ தள்ளி நிக்கும், செயின் எந்த ஸ்ப்ராக்கெட்ல உக்காரலாம்னு தத்தளிக்கும், ஏழாவது கிளிக்ல 3 மிமீக்கு மேல, அதாவது முக்கால் ஸ்ப்ராக்கெட் தூரம் தப்பு. இருட்டுல மாடிப்படி ஏறும்போது படி உயரம் நாம நினைச்சத விட ஒரு விரக்கடை கம்மியா இருந்தா எப்படியோ அப்படித்தான், முதல் படியில தெரியாது, போகப் போக கால் தடுமாறும்.

அதனால சோதனை இதுதான். சின்ன ஸ்ப்ராக்கெட்ல வெச்சு கரெக்டா செட் பண்ணுங்க, ஒவ்வொரு கிளிக்கா போட்டு பின்னாடி இருந்து புல்லியையும் (டீரெய்லர்ல செயின் ஓடற சின்ன சக்கரம்) ஸ்ப்ராக்கெட்டையும் நேர்கோட்டுல பாருங்க. எல்லா கியர்லயும் ஒரே அளவு தள்ளி இருந்தா அது கேபிள் டென்ஷன், பேரல் அட்ஜஸ்டர்ல தீரும், கேசெட்ட குறை சொல்லாதீங்க. போகப் போக தள்ளல் கூடிக்கிட்டே போனா பொருத்தமே தப்பு. எந்த ஒழுங்கும் இல்லாம ஒரு தடவை நல்லா விழுந்து ஒரு தடவை விழலைன்னா கேபிள் துரு, அவுட்டர் (கேபிள் உறை) நசுங்கல், இல்ல டீரெய்லர் மாட்டியிருக்கிற ஹேங்கர் வளைஞ்சிருக்கும். பின்னாடி குத்துக்கால் போட்டு உக்காந்து பாருங்க, ரெண்டு புல்லியும் ஸ்ப்ராக்கெட்டோட தளத்துக்கு இணையா தொங்கணும், அடிப்புல்லி ஸ்போக் பக்கம் சாஞ்சிருந்தா ஹேங்கரை நேராக்காம வேற எதுவும் பண்ணி பிரயோஜனம் இல்ல.

எத்தனை ஸ்பீடுன்னு பாக்கறதுக்கு பழைய கேசெட்ட எண்ணறத விட ஷிஃப்டர எண்ணுங்க, ஒரு முனையில இருந்து மறுமுனைக்கு எத்தனை கிளிக்கோ அதோட ஒண்ணு கூட்டிக்கோங்க. முன்னாடி வெச்சிருந்தவர் ஏற்கனவே தப்பான கேசெட் போட்டு ஓட்டியிருக்கலாம் இல்லையா.

பிராண்டு மாத்தலாமான்னா, 8, 9, 10 ஸ்பீடு ஷிமானோ கேசெட்டும் ஸ்ராம் கேசெட்டும் தாராளமா மாத்திக்கலாம், இடைவெளி ஒண்ணுதான், ரோடு 11-லயும் பிரச்சினை வராது. மாத்தக்கூடாதது ஷிஃப்டரும் டீரெய்லரும், அது ரெண்டும் ஒரே குடும்பமா இருக்கணும், கேபிள் இழுப்பு கணக்கு பிராண்டுக்கு பிராண்டு வேற, ஒரே பிராண்டுலயே ஷிமானோ 9 ஸ்பீடும் ஷிமானோ மவுண்டன் 10 ஸ்பீடும் வேற. புதுசா ஷிமானோ க்யூஸ் வண்டிகள்ல வர்ற லிங்க்கிளைடு கேசெட்ல கொஞ்சம் உஷாரா இருங்க. அது சாதாரண ஹெச்ஜி பாடியில சொகுசா ஏறி உக்காரும், பெட்டியிலயும் 10 ஸ்பீடுன்னே போட்டிருக்கும், ஆனா ஸ்ப்ராக்கெட் இடைவெளி வேற, பழைய ஹெச்ஜி 10 ஸ்பீடு ஷிஃப்டரோட ஒத்துப்போகாது. ஏறுது, அதனால சரின்னு நினைச்சுடக் கூடாது.

கிளிக்கே இல்லாத பழைய மாடல் லீவர் ஷிஃப்டரா? உங்களுக்கு இந்த தலைவலியே இல்ல, எதை வேணாலும் போடுங்க.

பெரிய ஸ்ப்ராக்கெட்டுக்கு போனா கரகரன்னு சத்தம், இல்ல ஏறவே மாட்டேங்குது

மேல் புல்லி பெரிய ஸ்ப்ராக்கெட் மேல இடிக்குது. ஒவ்வொரு டீரெய்லருக்கும் அதிகபட்சம் இத்தனை பல்லுன்னு ஒரு கணக்கு உண்டு, மாடல் நம்பர் உள்பக்கமோ பின்பக்கமோ பொறிச்சிருக்கும், அதை வெச்சு கம்பெனி அட்டவணையில பாத்துக்கலாம். உதாரணத்துக்கு ஷிமானோ 105 ஆர்7000-ல குட்டை கேஜ்னா (கேஜ்ங்கிறது ரெண்டு புல்லியையும் தாங்கற தட்டு) 30 பல்லு, நீள கேஜ்னா 34.

முதல்ல பி-ஸ்க்ரூவ திருகிப் பாருங்க, டீரெய்லர் ஹேங்கர்ல உக்கார்ற இடத்துக்கு பின்னாடி இருக்கிற ஒத்தை ஸ்க்ரூ அது, வலப்பக்கமா திருகினா புல்லி கீழ இறங்கும். செயின் பெரிய ஸ்ப்ராக்கெட்ல இருக்கும்போது புல்லி முனைக்கும் ஸ்ப்ராக்கெட் முனைக்கும் நடுவுல 5, 6 மிமீ இருந்தா சரி. சொன்ன எல்லைய விட ரெண்டு பல்லு கூட போட்டாலும் பல வண்டியில இந்த ஸ்க்ரூவ வெச்சே சமாளிச்சுடலாம், கம்பெனிக்காரங்க கொஞ்சம் கைய இழுத்துதான் நம்பர் போடுவாங்க. அதுக்கு மேல போகணும்னா ஹேங்கரை கீழ நீட்டற ஒரு சின்ன இணைப்பு கிடைக்குது, வேலை செய்யும், ஆனா சின்ன ஸ்ப்ராக்கெட் பக்கம் புல்லி ரொம்ப தள்ளிப்போறதால அங்க ஷிஃப்டிங் மந்தமாகும். என்னைக் கேட்டா 4 பல்லுக்கு மேல கூட்டணும்னா டீரெய்லரையே மாத்திடறது நிம்மதி.

ஏறவே மாட்டேங்குதுன்னா லிமிட் ஸ்க்ரூவையும் (டீரெய்லர் ஓரத்துல எதுவரைக்கும் நகரலாம்னு நிறுத்தற திருகு) ஒரு பார்வை பாத்துடுங்க, பழைய கேசெட்டுக்கு வெச்ச லிமிட் புதுசுக்கு அரை மிமீ முன்னாடியே நிறுத்திடும். ரொம்பவும் தளர்த்தினா செயின் ஸ்போக்குல விழும், கால் திருகு கால் திருகா போங்க.

முன்னாடி பெருசு பின்னாடி பெருசுல செயின் விறைக்குது, இல்ல சின்னது சின்னதுல தொங்குது

இது டீரெய்லரோட இன்னொரு கணக்கு, மொத்தமா எவ்வளவு செயின் தளர்வ சுருட்டிக்க முடியும்ங்கிறது. முன்னாடி, அதாவது பெடல் பக்கத்துல இருக்கிற பல்சக்கரங்கள்ல, பெருசோட பல்லு எண்ணிக்கையில இருந்து சிறுசோடதை கழிங்க, பின்னாடி பெருசுல இருந்து சிறுசை கழிங்க, ரெண்டையும் கூட்டுங்க. முன்னாடி 50/34, பின்னாடி 11-28 இருந்தா 16-ம் 17-ம் 33. அதையே 11-34 ஆக்கினா 16-ம் 23-ம் 39. மேல சொன்ன 105 குட்டை கேஜ் தாங்கறது 35, நீள கேஜ் 39. ஆக 11-28-ல இருந்து 11-34-க்கு தாவறவங்களுக்கு கேசெட் மட்டும் மாத்தினா கதை முடியாது, நீள கேஜும் கொஞ்சம் நீளமான செயினும் சேர்த்து வேணும்.

தொங்கறது சும்மா எரிச்சல், விறைக்கறதுதான் ஆபத்து. செயின் குட்டையா இருந்து பெருசு பெருசுக்கு போட்டுட்டா டீரெய்லரே பிச்சுக்கிட்டு ஸ்போக்குக்குள்ள போகும். அதனால கேசெட் மாத்தினதும் ஓட்டறதுக்கு முன்னாடி வண்டிய தூக்கி நிறுத்தி, பெடலை கையால மெதுவா சுத்தி, ஒவ்வொரு கியரா பெருசு பெருசு வரைக்கும் போய்ப் பாருங்க, கேஜ் முன்பக்கமா நீட்டி விறைப்பா நின்னா அங்கயே நிறுத்திடுங்க. செயின் நீளம் அளக்க, டீரெய்லர் வழியா விடாம முன் பெருசுலயும் பின் பெருசுலயும் நேரா சுத்திப் போட்டு, முனை சேர்ற இடத்துல இருந்து ஒரு உள் லிங்க் ஒரு வெளி லிங்க் கூட்டி வெட்டறதுதான் வழக்கமான முறை. பின் சஸ்பென்ஷன் இருக்கிற வண்டின்னா சஸ்பென்ஷன் அமுங்கும்போது தூரம் கூடும், அதையும் கணக்குல எடுத்துக்கணும்.

எல்லாம் பொருந்திடுச்சு, ஆனா அழுத்தி மிதிச்சா நழுவுது

பெரும்பாலும் செயின். தேஞ்ச கேசெட்ல புது செயின் போட்டா நழுவும், தேஞ்ச செயினை புது கேசெட்ல போட்டா நழுவாட்டியும் புது கேசெட்ட சீக்கிரம் தின்னுடும். அளக்க தனி கருவி கூட வேண்டாம், நல்ல ஸ்டீல் ஸ்கேல் போதும். செயினை விறைப்பா இழுத்து வெச்சு ஒரு பின்னோட நடுவுல பூஜ்யத்த வெச்சு அதுல இருந்து 24-வது பின் நடு வரைக்கும் பாருங்க. புது செயின்ல 304.8 மிமீ இருக்கும். 11, 12 ஸ்பீடுல 306.3 தொட்டா மாத்துங்க, 10-ம் அதுக்கு கீழயும் 307.1 வரைக்கும் ஓடலாம், 307.8 தாண்டிடுச்சுன்னா கேசெட்டும் கூடவே போயிருக்கும்.

எங்க நழுவுதுன்னு கவனிச்சா இன்னும் தெளிவா தெரியும். நீங்க எப்பவும் ஓட்டற ரெண்டு ஸ்ப்ராக்கெட்ல மட்டும்னா அந்த ரெண்டும் தேஞ்சது. எந்த கியர்ல இருந்தாலும் சீரான இடைவெளியில ஒரு குதி குதிச்சா செயின்ல ஒரு லிங்க் இறுகிப் போச்சு, பின்னாடி சுத்தினா புல்லியில அது மட்டும் மடங்காம வரும். பெடலும் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்து வெறுமனே ஓடி வீலுக்கு மட்டும் இழுப்பு போகலைன்னா அது கேசெட்டே இல்ல, ஃப்ரீஹப் உள்ள இருக்கிற கொக்கி பிடிக்கல. 11 பல்லு ஸ்ப்ராக்கெட்ல மட்டும்னா லாக்ரிங்கை பாருங்க, 11-க்கு சின்ன லாக்ரிங், 12-க்கும் மேலயும் பெரிய லாக்ரிங், பழச எடுத்து புதுசுல போட்டிருந்தீங்கன்னா செயின் லாக்ரிங் விளிம்பு மேல ஏறி நிக்கும்.

செயின் அகலம் கேசெட் ஸ்பீடுக்கு ஏத்ததா இருக்கணும்ங்கிறதும் உண்டு. 8 ஸ்பீடு செயின் வெளி அகலம் சுமார் 7.1 மிமீ, 10 ஸ்பீடு செயின் சுமார் 5.9. அகல செயினை நெருக்கமான கேசெட்ல போட்டா பக்கத்து ஸ்ப்ராக்கெட்ட உரசிக்கிட்டே வரும். 6, 7, 8 மூணுக்கும் ஒரே செயின்தான்.

ஒத்துப்போகுது, சத்தமும் இல்ல, ஆனாலும் மேடு ஏற முடியல

பல்லு எண்ணிக்கை தப்பா தேர்ந்தெடுத்திருக்கீங்க. முன்னாடி 34, பின்னாடி 28-ன்னா பெடல் ஒரு சுத்துக்கு வீல் 1.21 சுத்து, பின்னாடி 34 ஆக்கினா 1.00. அதாவது கிட்டத்தட்ட 18 சதவீதம் லேசு, மேட்டுல அது பெரிய வித்தியாசம். ஆனா பெருசு பெருசா வாங்கறதுக்கு முன்னாடி நடுவுல இருக்கிற வரிசைய படிங்க. 7 ஸ்பீடு மெகாரேஞ்ச் ஃப்ரீவீல்ல 14-16-18-20-22-24, அதுக்கு அடுத்து நேரா 34. 8 ஸ்பீடு 11-34-ல 26-க்கு அப்புறம் 34. அந்த கடைசி தாவல்ல கால் சட்டுனு வெறுமையில சுத்தற மாதிரி இருக்கும், செங்குத்து மேட்டுக்கு மட்டும் ஒரு அவசர கியர்னு வெச்சுக்கிட்டா சரி, சமதரையிலயும் லேசான ஏத்தத்துலயும் ஓட்டறவங்களுக்கு 11-13-15-18-21-24-28-32 வரிசைதான் சுகம்.

மாத்தி ரெண்டு நாள் ஓட்டினதும் கிரீச் கிரீச்னு சத்தம்

லாக்ரிங்கை கையாலயே போதும்னு விட்டிருப்பீங்க. ஷிமானோ சொல்றது 40 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் இல்லைன்னா சாதாரண நீள ஸ்பேனர்ல நல்லா அழுத்தி கடைசியில கடகடன்னு நாலஞ்சு பல் சத்தம் கேக்கற வரைக்கும் இறுக்கணும், அந்த சத்தம் லாக்ரிங் அடியில இருக்கிற வரிவரியான பல்லு கவ்வற சத்தம்தான், பயப்படாதீங்க. இறுக்கினதுக்கு அப்புறமும் கத்தினா கழட்டி, பாடியில ரொம்ப மெல்லிசா கிரீஸ் தடவி, ஸ்ப்ராக்கெட்டுக்கு நடுவுல வர்ற ஸ்பேசர்ல மண்ணு இருக்கான்னு துடைச்சு திரும்பப் போடுங்க.